கட்டெறும்புக்கு வீட்டிலேயே கூடு: அழகைவிட ஈரம்தான் முக்கியம்

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன், கோடை மழை பெய்த ஒரு ராத்திரி வாசல் விளக்கடியில் இறகு உதிர்த்துக்கொண்டிருந்த பெரிய கட்டெறும்பு ஒன்றைப் பிடித்திருக்கிறான். ஒரு சோதனைக் குழாயில் தண்ணீரும் பஞ்சும் வைத்து அதை வளர்த்திருக்கிறான். இப்போது இராணியோடு எட்டு வேலைக்கார எறும்புகள். கடையில் விற்கும் அக்ரிலிக் கூடு விலை கூடுதல். ‘வீட்டிலேயே கூடு கட்ட முடியுமா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நல்லதா, கண்ணாடித் தொட்டியில் மண் போட்டு விட்டாலே போதுமா?’ என்று கேட்கிறார்.

தாராளமாகக் கட்டலாம். முதலில் தம்பியைப் பாராட்ட வேண்டும். இராணியைப் பிடித்து முதல் குஞ்சுகள் வெளிவரும்வரை குழாயைத் திறக்காமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். கட்டெறும்பு இராணி இறகை உதிர்த்த பிறகு, பறக்க உதவிய தசையையும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறது. அந்த ஒன்றரை, இரண்டு மாதம் அது வெளியே போய் ஒரு வாய் இரை தின்பதில்லை. அந்த நேரத்தில் தினமும் எடுத்துப் பார்த்துக் குலுக்கினால் முட்டையைத் தானே தின்றுவிடும். தம்பி அதைத் தாண்டி வந்துவிட்டான்.

ஆனால் புதுக் கூட்டில் உடனே குடியேற்ற வேண்டாம். எட்டு எறும்புக்கு அந்தக் குழாயே போதும். 25, 30 ஆகும்வரை அங்கேயே இருக்கட்டும். கூட்டைக் குடைந்து, ஊறவைத்து, காயவைத்து, ஈரம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க எப்படியும் மூன்று வாரம் ஆகும். ஆகவே கட்டும் வேலையை இப்போதே தொடங்கலாம், குடியேற்றத்துக்கு மட்டும் பொறுத்திருக்கலாம். சின்னக் குடும்பத்தைப் பெரிய கூட்டில் விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும். மீதி அறைகளில் தின்ற மிச்சத்தையும் செத்த எறும்புகளையும் கொண்டுபோய்ப் போடும். நம் ஊர் ஈரத்தில் அந்தக் குப்பை ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவே இருக்கிற வீட்டில் எறும்பு வளர்க்கிறேன். கூடு கட்டுவதில் இத்தனை வருடத்தில் நான் கற்றதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது. கூட்டை ஈரத்துக்காகக் கட்ட வேண்டும். ஒரு முனை நனைந்தும் மறுமுனை உலர்ந்தும், நடுவில் படிப்படியாகக் குறைந்தும் இருக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் அறை கோணலாக இருந்தாலும் எறும்பு பெருகும். அது அமையாவிட்டால் எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் பயனில்லை.

ஏன் இப்படி? முட்டைக்கும் சின்னப் புழுவுக்கும் தோல் மெல்லியது, காற்று பட்டாலே வற்றிப்போகும். அதனால் ஈரமான இடம் வேண்டும். புழு வளர்ந்து தன்னைச் சுற்றி நூல் நூற்றுக் கூட்டுப்புழு ஆனபிறகு ஈரம் கூடினால் பூசணம் தாக்கும், அதனால் உலர்ந்த இடம் வேண்டும். வேலைக்கார எறும்புகளுக்கு இது தெரியும். காலையில் ஒரு அறையில் இருக்கும் குஞ்சுகளை மாலையில் வேறு அறைக்குத் தூக்கிப் போகும். மழைக்கு முன்னால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுவும் இதே வேலைதான். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் முட்டையாக இருக்காது. கட்டெறும்பின் முட்டை கடுகளவுகூட வராது. அரிசிமணிபோல் வெளிர்ந்த நிறத்தில் தூக்கிப் போவது கூட்டுப்புழுவை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த முறை வீட்டு வாசலில் பார்க்கும்போது தானே கண்டுபிடிப்பான். ஆக நாம் செய்ய வேண்டியது, எறும்பு தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி ஈரம் கூடிய இடம், நடுத்தரமான இடம், உலர்ந்த இடம் என்று வகை வைத்துக் கொடுப்பது. சரியான ஈரம் எது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இனி நீங்கள் கேட்ட இரண்டு வழிகள்.

கண்ணாடிக்குள் மண் போட்டு வளர்ப்பது பழைய முறை. இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்பவர் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மண்படுகை வைத்து எறும்பு வளர்த்தார். 1882-இல் எறும்பு, தேனீ, குளவி பற்றிப் புத்தகமும் எழுதினார். அவரிடம் இருந்த ஒரு இராணி எறும்பு ஏறக்குறைய 15 வருடம் வாழ்ந்தது. அதனால் முறையில் குற்றமில்லை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் வளர்க்கும்போது மண் கஷ்டம். எறும்பு தன் இஷ்டத்துக்குத் தோண்டும். இராணி கண்ணாடியை விட்டு உள்ளே தள்ளி அறை அமைத்தால் மாதக்கணக்கில் அதைப் பார்க்க முடியாது, உயிரோடு இருக்கிறதா என்றும் தெரியாது. தண்ணீர் கூடினால் சுரங்கம் இடிந்து விழும், குறைந்தால் மண் முழுக்கக் காய்ந்துவிடும். சுத்தம் செய்யவே முடியாது. அப்படியும் மண் வேண்டுமென்றால் விளையில் எடுத்த செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து, வாணலியில் வறுத்து, ஆறவைத்துப் போடுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கும். கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் கலர் மணலையும் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போடுவார்கள், அதுவும் வேண்டாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அடுத்தது. செய்வது எளிது. பிள்ளைகள் விளையாடும் பிசைகளிமண்ணால் அறைகளையும் வழிகளையும் உருட்டி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டுங்கள். சுற்றி அட்டையால் வரம்பு கட்டுங்கள். இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற அளவில் கரைத்து ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். இறுகும்போது நன்றாகச் சூடாகும், பிள்ளைகள் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைப் பிரித்துக் களிமண்ணைச் சுரண்டி எடுத்தால் அறைகள் தயார். ஒரு வாரம் வெயிலில் காயவைக்க வேண்டும். பிரான்ஸில் சார்ல் ழானே என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிளாஸ்டர் கட்டியில் அறைகளை வரிசையாக அமைத்து, ஒரு முனையில் மட்டும் தண்ணீர்க் குழி வைத்தார். அங்கிருந்து ஈரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். நான் மேலே சொன்ன யோசனை எனக்குச் சொந்தமல்ல, அவருடையது.

பிளாஸ்டரை நான் கைவிட்டதற்குக் காரணம் நம் மழை. என் முதல் கூடு பிளாஸ்டர்தான். எடவப்பாதி மழையை, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை, சமாளித்துவிட்டது. ஐப்பசியில் தொடர்ந்து மழை பெய்தபோது, வழக்கம்போல வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றிலும் காற்றே ஈரமாக இருந்ததால் பிளாஸ்டர் தண்ணீரை விடவே இல்லை. முதலில் கண்ணாடியில் வியர்வை, பிறகு மூலைகளில் கறுப்புப் புள்ளி, பிறகு கூட்டுப்புழுக்கள் மேல் வெள்ளை நூல். அறுபதுக்கு மேல் இருந்த குடும்பத்தில் இராணியும் பத்துப் பன்னிரண்டு எறும்புகளும்தான் மிஞ்சின. தவறு என்னுடையது, நாள்கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றினேன், கூட்டைப் பார்த்து ஊற்றவில்லை. இருந்தாலும் பிளாஸ்டர் அந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, நனைந்த பிளாஸ்டரைக் கட்டெறும்பு கடித்துச் சுரண்டும்.

நான் சிபாரிசு செய்வது ஏஏசி பிளாக். வீடு கட்ட இப்போது செங்கலுக்குப் பதில் வைக்கிறார்களே, சாம்பல் வெள்ளையில், தூக்கினால் இலேசாக இருக்கும் கல். கடைகளில் லைட் வெயிட் பிளாக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். சிமென்டு, சுண்ணாம்பு, சாம்பல் அல்லது மணல், இவற்றோடு கொஞ்சம் அலுமினியப் பொடி சேர்த்துச் செய்வது. அலுமினியம் வினைபுரிந்து வாயுக் குமிழி விடுவதால் உள்ளே நுரைபோல் துளைகள். அந்தத் துளைகள் தண்ணீரை உறிஞ்சி மெல்ல நகர்த்தும். பழைய ஸ்க்ரூ டிரைவராலேயே குடைந்துவிடலாம், கட்டெறும்பால் அவ்வளவு எளிதில் குடைய முடியாது. முழுக்கல் 60 சென்டிமீட்டர் நீளம் வரும், உங்களுக்குத் தேவை 20 சென்டிமீட்டர்தான். வீட்டுவேலை நடக்கும் இடத்தில் கேட்டால் உடைந்த துண்டு சும்மாவே கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், ஏஏசி என்றால் முதலில் மிதக்கும். வெட்டுக்கல்லிலும் முயன்றிருக்கிறேன். பார்க்க நம் மண் போலவே அழகாக இருந்தது, ஆனால் ஒரு அறை குடைவதற்குள் கை கொப்பளித்துவிட்டது.

கல்லை 20-க்கு 10 சென்டிமீட்டர் அளவில், 7 அல்லது 10 சென்டிமீட்டர் கனத்தில் பழைய ரம்பத்தால் அறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும், வெளியே திறந்த இடத்தில், கல்லை நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அகலமான பக்கத்தை இன்னொரு ஏஏசி துண்டோடு வைத்துத் தேய்த்தால் இரண்டும் சமமாகிவிடும். கண்ணாடி அந்தப் பக்கத்தில்தான் உட்காரப் போகிறது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்கக் கூடாது.

இப்போது பென்சிலால் வரையுங்கள். ஒரு முனையில் தண்ணீர்க் குழி, மறுமுனையில் வெளிவாசல், நடுவே இரண்டிரண்டாக இரு வரிசையில் நான்கு அறைகள். ஒவ்வொரு அறையும் 4-க்கு 2.5 சென்டிமீட்டர், ஆழம் 12 மில்லிமீட்டர். அறைகளை இணைக்கும் வழி 10 மில்லிமீட்டர் அகலம் போதும். கட்டெறும்பில் பெரிய தலை உள்ள வேலைக்கார எறும்புகள் வந்த பிறகும் இந்த அளவு தாங்கும், இராணியும் வயிறு இடிக்காமல் போகும். இதைவிட ஆழமாகக் குடைந்தால் எறும்புகள் கண்ணாடியிலிருந்து விலகி உள்ளே தங்கும். தண்ணீர்க் குழியைக் கண்ணாடி படாத மேல்பக்கத்தில் தோண்டுங்கள், 3 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் ஆழம். குழிக்கும் முதல் அறைக்கும் நடுவில் குறைந்தது 2 சென்டிமீட்டர் கல் இருக்க வேண்டும். இந்தச் சுவரில் அவசரப்பட்டால் அறையில் தண்ணீர் தேங்கும்.

குடைந்து முடித்ததும் தூசி போகக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறப்போடுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். புதுக்கல்லில் சுண்ணாம்புக் காரம் இருக்கும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். எறும்பு வெளியே போய்வர வெளிவாசலில் ஒரு துண்டு லெவல் டியூப் (தண்ணீர் மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருப்பது) வைத்தால் போதும், உள்விட்டம் 10 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அது நுழையும் இடத்தைச் சுற்றி சிலிக்கான் பசை பூசுங்கள். பூசணத் தடுப்பு மருந்து கலக்காத சாதாரண வகை வாங்குங்கள். வினிகர் வாசம் அடியோடு போகும்வரை, இரண்டு மூன்று நாள், அப்படியே விடுங்கள். கண்ணாடிக் கடையில் கல்லின் அளவுக்கே 4 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இரண்டு பக்கமும் மாட்டினால் இறுக்கிப் பிடிக்கும், ஒரு நாள் கழற்றிக் கழுவவும் முடியும்.

எறும்பு விடுவதற்கு முன்னால் ஒரு வாரம் வெறும் கூட்டை வைத்துச் சோதனை செய்யுங்கள். இதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிடுங்கள். குழியில் 15 மில்லி தண்ணீர் ஊற்றி, கல் எதுவரை கறுக்கிறது என்று தினமும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நனைந்த ஏஏசி நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் குழிப் பக்கத்து முதல் அறையும் இரண்டாவது அறையின் பாதியும் கறுத்து அங்கேயே நின்றால் அளவு சரி. வாசல்வரை கறுத்தால் தண்ணீர் கூடுதல். கண்ணாடியில் வியர்த்தாலும் கூடுதல்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும் என்று என்னைக் கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறும். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றும் பேச்சிப்பாறைப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் ஒன்றல்ல. முப்பந்தலில் காற்றாலை சுற்றும் அந்தக் காற்றில் சீக்கிரமே கல் காய்ந்துவிடும், வாரம் இரண்டு முறை ஊற்ற வேண்டி வரும். அதே கூடு என் வீட்டில் மழைக்காலத்தில் இரண்டு வாரம் தாங்கும். நாகர்கோவில் இரண்டுக்கும் நடுவில், அதிலும் எந்த ஜன்னல் பக்கம் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கறுப்புக் கோடு முதல் அறையின் பாதிக்குச் சுருங்கும்போது ஊற்றுங்கள், அதுதான் கணக்கு. நாள் பார்க்க வேண்டாம், நான் பட்டதே போதும். குடிக்கிற தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் இருப்பவர்கள் உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வெப்பக் கம்பி, குளிர்கால உறக்கம் என்று பயப்படாதீர்கள். அதெல்லாம் குளிர் நாட்டு எறும்புகளுக்கு. நம் கட்டெறும்புக்கு நம் வீட்டின் சூடே போதும். வெயில் நேராகப் படும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள். கண்ணாடி போட்ட கூடு அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும்.

எறும்புக்கு இருட்டு வேண்டும், நமக்குப் பார்க்க வேண்டும். இதற்கும் லப்பக்கே வழி காட்டினார். கூட்டின் மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தபோது, எறும்புகள் ஊதாப் பக்கத்திலிருந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின, சிவப்புக்கு அடியில் இருட்டில் இருப்பதுபோல் கூடின. நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி அவற்றுக்குத் தெரிகிறது என்பதையும் அவர் கண்டுபிடித்தார். கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்ட நம் ஊர்க் கடைகளில் விற்கும் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகக் கண்ணாடி மேல் ஒட்டினால் போதும். அதற்கும் மேல் ஒரு அட்டையை மூடி வைத்து, பார்க்கும்போது மட்டும் எடுங்கள்.

கூட்டுக்கு வெளியே இரை தேட ஒரு பெட்டி வேண்டும். நான் மேய்ச்சல் பெட்டி என்பேன். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கத்தில் லெவல் டியூப் நுழைய ஒரு துளை, மூடியில் ஒரு சதுரம் வெட்டி டீ வடிகட்டியின் மெல்லிய வலையை ஒட்டிக் காற்றுக்கு வழி. முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து உள்சுவரின் மேல் விளிம்பில் பூசினால் எறும்பு வழுக்கி விழும் என்பார்கள். அது உண்மை, ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் பிடி கொடுத்துவிடும். மழைக்காலத்தில் மூடியை மட்டும் நம்புங்கள். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. அது வழிந்து எறும்பு மேல் ஒட்டும், நாள்பட்டால் சிக்குவாடை வரும்.

உங்கள் எறும்பு வெளியே போவதைவிடப் பெரிய ஆபத்து வெளி எறும்பு உள்ளே வருவது. இதைப் பலரும் நினைப்பதே இல்லை. நெருப்பெறும்பும் சமையலறைச் சிற்றெறும்பும் தேன் வாசம் பிடித்து வந்தால் ஒரே ராத்திரியில் கூட்டைக் காலி செய்துவிடும். சின்ன எறும்புக்கு அந்த வலையும் தடையல்ல. மார்த்தாண்டம் பக்கம் தேனீப்பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் பாருங்கள், பெட்டி நிற்கும் காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும், எறும்பு ஏறாமல் இருக்க. நம் வீடுகளில் பலகார அலமாரிக் காலுக்கு வைப்பதும் அதுதான். அதே ஏற்பாட்டை நீங்களும் செய்யுங்கள். ஒரு சின்ன முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, மேலே கூட்டையும் பெட்டியையும் வையுங்கள், முக்காலி சுவரிலோ திரைச்சீலையிலோ தொடாமல். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் சிற்றெறும்பு மேலே நடந்து கடக்க முடியாது. வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

குடியேற்றம் அன்றைக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. வாசலுக்குப் பக்கத்து அறைகள் இரண்டையும் திறந்து வைத்து மற்ற இரண்டைப் பஞ்சால் அடைத்தால் ஈரமான பக்கம் அடைபட்டுப்போகும், பலரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். அதனால்தான் வரையும்போதே நான்கு அறைகளையும் ஒரே நேர்வரிசையில் வைக்காமல் இரண்டிரண்டாக இரு வரிசை வைக்கச் சொன்னேன். ஒரு வரிசையைத் திறந்து இன்னொரு வரிசையை அடைக்கலாம், இரண்டு வரிசையிலும் ஈரப் பக்கமும் உலர் பக்கமும் இருக்கும். பிறகு சோதனைக் குழாயின் பஞ்சை எடுத்து, குழாயை அப்படியே மேய்ச்சல் பெட்டிக்குள் படுக்கவையுங்கள். அதைச் சுற்றியிருந்த காகிதத்தை நீக்கி வெளிச்சம் படவிடுங்கள், கூட்டை இருட்டாக்குங்கள். குழாயைத் தட்டிக் கொட்ட வேண்டாம். ஒரு எறும்பு வழி கண்டுபிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரும். பிறகு குஞ்சுகள் போகும். கடைசியில் இராணி. சில குடும்பங்கள் ஒரே ராத்திரியில் மாறும், சில இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். குழாயில் தண்ணீர் இருக்கும்வரை நாம் அவசரப்படத் தேவையில்லை.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பங்கு சீனிக்கு மூன்று பங்கு தண்ணீர், பஞ்சில் நனைத்து. தேன் என்றால் தண்ணீர் விட்டு நீர்த்ததாக, கெட்டித் தேனில் சின்ன எறும்புகள் ஒட்டிச் செத்துப்போகும். குஞ்சுகள் வளரப் புரதம் வேண்டும். வாரம் இரண்டு முறை ஒரு ஈசல், பாதி வெட்டுக்கிளி, உப்பில்லாமல் அவித்த முட்டைத் துணுக்கு, இதில் ஏதாவது ஒன்று போதும். மருந்து அடித்த வீட்டுக் கரப்பானைக் கொடுக்கவே கூடாது. இரையைச் சிரட்டைத் துண்டில் வைத்தால் மறுநாள் மிச்சத்தை அப்படியே எடுத்துவிடலாம். ஒரு எறும்பு தின்றால் அதைத் தன் பொதுவயிற்றில் வைத்து வாயோடு வாய் மற்றவற்றுக்கு ஊட்டும். அதனால் எல்லாம் வந்து தின்னவில்லையே என்று கவலை வேண்டாம்.

தம்பி இனி வேறு இராணி தேடுவான், அதனால் இதையும் சொல்ல வேண்டும். மழை முடிந்த மாலையில் விளக்கடியில் விழுவதெல்லாம் எறும்பு அல்ல, ஈசல்தான் அதிகம். ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு தடித்திருக்கும், உணர்கொம்பு நேராக மணிகோத்ததுபோல் இருக்கும். எறும்புக்கு முன்னிறகு பெரியது, இடுப்பு நூல்போல் ஒடுங்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும். கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை, கடித்து அமிலம் விடும், அவ்வளவுதான். நெருப்பெறும்பு கொட்டும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வளர்க்க வேண்டாம். மாமரத்து முசிறுவையும் விட்டுவிடுங்கள். அது இலைகளைத் தன் புழுக்களின் நூலால் தைத்துக் கூடு கட்டுவது, கல்லுக்குள் தங்காது. இராணி வேண்டுமென்று எந்தப் புற்றையும் தோண்டாதீர்கள். இராணி அகப்படுவது அரிது, குடும்பம் அழிவதுதான் மிச்சம். பேச்சிப்பாறைக்கு மேலே காடு பார்க்கப் போனால் அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் எறும்புக்கும் அதே சட்டம்தான். வீட்டு முற்றத்தில் விழுந்த இராணி போதும்.

குடியேறிய பிறகு முதல் இரண்டு வாரம் கண்ணாடியைத் தட்டாமல், கூட்டை இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையும் சின்னப் புழுவும் தண்ணீர்க் குழிப் பக்கத்து அறையிலும், கூட்டுப்புழுக்கள் வாசல் பக்கத்து அறையிலும் பிரிந்து இருந்தால் ஈரம் சரியாக அமைந்திருக்கிறது. எல்லாம் ஈரமூலையில் நெருக்கியடித்துக் கிடந்தால் தண்ணீர் போதவில்லை, எல்லாம் வாசல் பக்கம் ஒதுங்கினால் தண்ணீர் கூடிவிட்டது. திறந்த இரண்டு அறைகளிலும் எறும்பு நிறைந்து, தரை தெரியாத அளவுக்கு ஆன பிறகு அடுத்த வரிசையின் பஞ்சை எடுங்கள். அதற்கு அநேகமாக அடுத்த எடவப்பாதி ஆகிவிடும்.